பிராட்வேயை மடக்கிய மடக்கு நாற்காலி!

2009 மே 24, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் நீண்ட வார விடுமுறை. நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில், மஞ்சள் டாக்ஸிகள் முட்டிக்கொண்டு நிற்கும் பிராட்வே சாலையின் குறுக்கே ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் பீப்பாய்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள் மாநகராட்சி ஊழியர்கள். 42-வது தெருவிலிருந்து 47-வது தெரு வரை இனி கார், பஸ், டாக்ஸி எதற்கும் வழி இல்லை. நடப்பவர்களுக்கு மட்டும்தான்.

இது பாரிமுனைப் பக்கம் இருக்கும் நம் பிராட்வே அல்ல. மன்ஹாட்டன் தீவின் நீளத்துக்கும் ஓடும் பிராட்வே. ஆனால் நெரிசல் என்று வந்துவிட்டால் அதுவும் லேசுப்பட்டதல்ல. டைம்ஸ் சதுக்கத்தை மட்டும் அப்போது தினமும் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் நடந்து கடந்தார்கள்.

பீப்பாய்களை வைத்தாயிற்று. சாலை காலி. அதன்பிறகு என்ன? மக்கள் உட்காருவதற்காக ஆர்டர் செய்திருந்த நாற்காலிகள் வந்து சேரவில்லை. வெறும் தார்ச்சாலையைக் காட்டி, 'இது உங்களுக்குத்தான், வாருங்கள்' என்றால் யார் வருவார்கள்? டைம்ஸ் சதுக்க வணிகர்கள் கூட்டமைப்பின் தலைவராக இருந்த டிம் டாம்ப்கின்ஸ் அவசரத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். புரூக்ளினில் உள்ள ஒரு ஹார்டுவேர் கடையில், கடற்கரைக்கு எடுத்துப்போகும் மடக்கு நாற்காலிகள் இருந்தன. ஒன்று 10 டாலர் 74 சென்ட். மொத்தம் 376 நாற்காலிகள். அன்றைய மதிப்பில் ஒரு நாற்காலி சுமார் 500 ரூபாய், எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய். ஒரு கல்யாண வீட்டின் பந்தல் செலவுகூட இதைவிட அதிகம்.

பளிச்சென்ற நிறங்களில் இருந்த அந்த நாற்காலிகளை நடுரோட்டில் விரித்துப் போட்டதுதான் தாமதம், மக்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். உலகத்தின் மிகப் பரபரப்பான சந்திப்பு ஒன்றில், காலை நீட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். சும்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. நகரத்தின் முக்கியமான சாலையை மறித்ததற்காகப் பெரிய ரகளை நடக்கும் என்று எதிர்பார்த்திருந்தார், அப்போது நியூயார்க்கின் போக்குவரத்துத் துறை ஆணையராக இருந்த ஜேனட் சாதிக்-கான். ஆனால் ஊரெல்லாம் பேசியது நாற்காலிகளைப் பற்றி! 'டைம்ஸ் சதுக்கத்தில் இப்படியா மட்டமான நாற்காலி போடுவது?' என்று சண்டை. சாலையை மூடியது சரியா தவறா என்ற கேள்வி ஓரமாகப் போய்விட்டது. இதைப் பிற்பாடு தான் எழுதிய 'ஸ்ட்ரீட்ஃபைட்' புத்தகத்தில் ரசித்துச் சொல்லியிருக்கிறார் அவர்.

குறுக்கே ஓடும் சாலை

உட்கார இடம் கொடுக்க மட்டுமா ஒரு பெரிய சாலையை மூடுவார்கள்? அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது.

மன்ஹாட்டனின் தெருக்கள் பெரும்பாலும் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும். 1811-ல் போட்ட திட்டம் அது. நீளவாக்கில் அவென்யூக்கள், குறுக்குவாக்கில் எண் போட்ட தெருக்கள். பிராட்வே மட்டும் இதில் அடங்காது. ஐரோப்பியர்கள் வருவதற்கு முன்பே அங்கு வாழ்ந்த பூர்வகுடி மக்கள் நடந்து நடந்து உண்டான பாதை அது. சதுரங்கப் பலகையின் மேல் சாய்வாகக் கோடு கிழித்ததுபோல ஓடும். (காலால் நடந்து உருவான பாதையில்தான் கடைசியில் நடப்பவர்களுக்கு இடம் இல்லாமல் போனது.)

சாய்வாக வருவதால், அவென்யூக்களைச் சந்திக்கும் இடங்களிலெல்லாம் சிக்கல். சாதாரணச் சந்திப்பில் சிக்னல் இரண்டு பேருக்குத்தான் முறை வைக்க வேண்டும். அவென்யூவுக்கு ஒருமுறை, தெருவுக்கு ஒருமுறை. பிராட்வேயும் சேர்ந்தால் மூன்று பேர். ஒரே தோசையை மூன்றாகப் பிய்த்தால் யாருக்கும் வயிறு நிறையாது. எல்லோருக்கும் பச்சை விளக்கு நேரம் குறைந்து, எல்லோரும் காத்திருந்தார்கள். டைம்ஸ் சதுக்கத்தில் ஏழாவது அவென்யூவோடும், கொஞ்சம் தெற்கே ஹெரால்டு சதுக்கத்தில் ஆறாவது அவென்யூவோடும் இந்த இழுபறி நடந்துகொண்டிருந்தது.

நடப்பவர்களின் பாடு இன்னும் மோசம். டைம்ஸ் சதுக்கத்தைப் பயன்படுத்துபவர்களில் 80 சதவிகிதத்துக்கும் மேல் நடந்து செல்பவர்கள். அவர்களுக்குக் கிடைத்திருந்த இடமோ, மொத்தத்தில் சுமார் 11 சதவிகிதம். நடைபாதையில் இடம் இல்லாமல் மக்கள் சாலையில் இறங்கி, ஓடும் கார்களுக்குப் பக்கத்தில் நடந்தார்கள். இப்படி நடப்பது சென்னை ரங்கநாதன் தெருவுக்குப் போய் வந்தவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே பக்கத்தில் வந்தவை வேகமாகத் திரும்பும் டாக்ஸிகள்.

பிராட்வேயை அந்த இரண்டு இடங்களிலும் எடுத்துவிட்டால் சந்திப்பு எளிமையாகும். அவென்யூவுக்குப் பச்சை விளக்கு நேரம் கூடும். நடப்பவர்களுக்கும் இடம் கிடைக்கும். இதுதான் கணக்கு. காகிதத்தில் சரியாக இருந்தது. ஆனால் 'சாலையை மூடினால் போக்குவரத்து வேகமாகும்' என்று சொன்னால் எந்த ஊரில் நம்புவார்கள்?

பெயின்ட் டப்பாவும் பூந்தொட்டியும்

நம்ப வைக்க முயலாமல், செய்து பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தார் சாதிக்-கான். அதற்கு முன்பே சின்ன அளவில் ஒத்திகையும் முடிந்திருந்தது. 2007-ல் புரூக்ளினில் பேர்ல் தெருவின் முனையில், கார்கள் நிறுத்தப்பட்டிருந்த முக்கோண வடிவ இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். தரைக்குப் பச்சை பெயின்ட், ஓரத்தில் பெரிய பூந்தொட்டிகள், நடுவில் குடையும் மேஜை நாற்காலியும். அவ்வளவுதான். கார் நிறுத்துமிடம் ஒரு குட்டிப் பூங்காவாகிவிட்டது. ஜல்லி இல்லை, சிமென்ட் இல்லை, தோண்டல் இல்லை.

இந்த யோசனைக்கு மூலம் டென்மார்க். கோபன்ஹேகன் நகரின் ஸ்ட்ரோகெட் கடைவீதியை 1962 நவம்பரில், சோதனை என்று சொல்லித்தான் கார்களுக்கு மூடினார்கள். 'வெளியே உட்கார்ந்து காபி குடிக்க நாம் என்ன இத்தாலியர்களா? இந்தக் குளிரில் யார் வருவார்கள்?' என்றெல்லாம் அப்போது கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர்களுக்கு வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம். 1964-ல் அது நிரந்தரமானது. அந்தத் தெருவில் மக்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து எண்ணியவர் யான் கேல் என்ற கட்டடக்கலை நிபுணர். 2007-ல் நியூயார்க் மாநகராட்சி அவரது குழுவை அழைத்து, தங்கள் நகரத்தில் நடப்பவர்களையும் எண்ணச் சொன்னது. அதுவரை கார்களை எண்ணிய அளவுக்கு மனிதர்களை யாரும் எண்ணவில்லை என்பதுதான் விஷயம்.

2005-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது இன்னும் குறும்பு. ரீபார் என்ற வடிவமைப்பாளர் குழுவினர், சாலையோர பார்க்கிங் மீட்டரில் காசு போட்டுவிட்டு, கார் நிறுத்தும் அந்த இடத்தில் புல்தரையை விரித்து, ஒரு பெஞ்சும் தொட்டியில் ஒரு மரமும் வைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கான வாடகையைக் கொடுத்தாயிற்று. அதில் கார்தான் நிற்க வேண்டுமா என்ன? நேரம் முடிந்ததும் புல்லைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இரண்டு மணி நேரத்திலிருந்து கிளம்பியதுதான் இன்று பல நாடுகளில் ஆண்டுதோறும் நடக்கும் 'பார்க்கிங் டே'.

டாக்ஸிகள் சொன்ன கணக்கு

டைம்ஸ் சதுக்கத்துக்கு வருவோம். 2009 நவம்பரில் மேயர் தேர்தல். மே மாதத்தில் பிராட்வேயை மூடுவது எந்த அரசியல்வாதிக்கும் வயிற்றைக் கலக்கும் காரியம். மேயர் மைக்கேல் புளூம்பெர்க் அதைத் தேர்தலுக்குப் பிறகு என்று தள்ளிப்போடவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வெளிப்படையாகவே இருந்தது. இது சோதனை. ஆண்டு முடிவில் கணக்குப் பார்ப்போம். சரிவராவிட்டால் பீப்பாய்களை எடுத்துவிடுவோம்.

சோதனை என்றால் அளக்க வேண்டும். எப்படி அளப்பது? நியூயார்க் டாக்ஸிகளில் ஏற்கெனவே ஜி.பி.எஸ். கருவி இருந்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட டாக்ஸி சவாரிகளின் பதிவுகளை எடுத்து, மூடுவதற்கு முன்பும் பின்பும் ஒப்பிட்டார்கள். மேற்கு மிட்டவுன் பகுதியில் வடக்கு நோக்கிப் போன சவாரிகளின் வேகம் 17 சதவிகிதம் கூடியிருந்தது. தெற்கு நோக்கிப் போனவை 2 சதவிகிதம் குறைந்திருந்தன. மாநகராட்சி முன்கூட்டியே சொல்லியிருந்த அளவுக்கு வேகம் கூடவில்லை என்பதும் உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு கேலி செய்தவர்களும் உண்டு.

ஆனால் இன்னொரு பக்கத்தில் இருந்த எண்களைக் கேலி செய்ய முடியவில்லை. அந்தப் பகுதியில் நடந்து செல்பவர்கள் காயமடைவது 35 சதவிகிதம் குறைந்திருந்தது. வாகனங்களில் போகிறவர்கள் காயமடைவது 63 சதவிகிதம் குறைந்திருந்தது. நடப்பவர்களுக்காகச் செய்த மாற்றத்தில் அதிகப் பாதுகாப்பு கிடைத்தது காருக்குள் இருந்தவர்களுக்கு! டைம்ஸ் சதுக்கத்தில் சாலையில் இறங்கி நடப்பது 80 சதவிகிதம் குறைந்தது. இடம் இருந்தால் யார்தான் காருக்கு முன்னால் போய் நடப்பார்கள்?

2010 பிப்ரவரியில், இது நிரந்தரம் என்று அறிவித்தார் புளூம்பெர்க். அந்தக் கோடையில் மோலி டில்வொர்த் என்ற ஓவியர், தார்ச்சாலை முழுவதையும் நீல நிற அலைகளாகத் தீட்டினார். கல் பாவி, பெஞ்சு அமைத்து, நிலத்தடிக் குழாய்களைச் சீர்செய்து முழுமையாகக் கட்டும் வேலை அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நடந்தது. அதற்கான செலவு சுமார் 55 மில்லியன் டாலர். முதலிலேயே அந்தத் தொகையைக் கேட்டிருந்தால், கோப்பு எந்த மேஜையில் தூங்கியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெயின்ட் மட்டும் போதாது

கதை இங்கே சுபமாக முடிந்துவிடவில்லை. கூட்டம் கூடிய இடத்தில் காசு பார்க்க வருபவர்களும் கூடினார்கள். கார்ட்டூன் பொம்மை வேஷம் போட்டவர்கள், உடம்பில் பெயின்ட் அடித்துக்கொண்டு வந்த பெண்கள், 'எங்களோடு படம் எடுத்துக்கொண்டால் காசு கொடு' என்று வழிமறித்தார்கள். குடும்பத்தோடு வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். 2015-ல் நகரத்தின் போலீஸ் கமிஷனரே, இந்தச் சதுக்கத்தைத் தோண்டி எடுத்துவிட்டு பழையபடி சாலையாக்கிவிடலாம் என்று சொல்லும் அளவுக்குப் போனது. மக்கள் எதிர்த்தார்கள். ஆறே ஆண்டுகளில், யாரும் கேட்காத ஓர் இடம் யாரும் விட்டுக்கொடுக்க முடியாத இடமாகியிருந்தது. கடைசியில் தீர்வு மறுபடியும் பெயின்ட்தான். காசு வாங்குபவர்கள் நிற்பதற்குத் தனி வண்ணத்தில் கட்டங்கள் போட்டார்கள்.

2017 மே 18 அன்று பெயின்டின் எல்லை என்ன என்பதும் தெரிந்தது. ஏழாவது அவென்யூவில் வந்த ஒரு கார் நடைபாதையில் ஏறி, மூன்று பிளாக் தூரத்துக்கு ஆட்களை மோதிக்கொண்டே வந்தது. 18 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். காரைக் கடைசியில் நிறுத்தியது, நடைபாதை ஓரத்தில் ஆழமாக நட்டிருந்த எஃகுத் தூண்கள். வெறும் பெயின்ட் கோடோ பூந்தொட்டியோ அந்த வேலையைச் செய்திருக்காது. தற்காலிகம் என்பது வழி காட்டலாம், காவல் காக்காது. சோதனை வெற்றி என்று படம் எடுத்துப் போட்டுவிட்டு, நிரந்தர வேலையை மறந்துவிடும் நகரங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வெளுத்துப்போன பெயின்டும், உடைந்த தொட்டிக்குள் டீ கப்பும் கிடந்தால், 'பார்த்தீர்களா, இதெல்லாம் சரிப்பட்டு வராது' என்று சொல்ல ஆள் ரெடியாக இருப்பார்கள்.

இருந்தாலும் வழி பிடித்துப்போன நகரங்கள் பல. இத்தாலியின் மிலான் 2018-லிருந்து சந்திப்புகளில் பெயின்ட் அடித்து, பெஞ்சும் டேபிள் டென்னிஸ் மேஜையும் போட்டு 'திறந்த சதுக்கங்கள்' அமைக்கிறது. கொரோனா காலத்தில், மக்கள் இடைவெளி விட்டு நடக்க வேண்டியிருந்தபோது, பாரிஸ், லண்டன் என்று பல நகரங்கள் ஒரே இரவில் தடுப்புகளை நகர்த்தி நடைபாதைகளை அகலமாக்கின. ஆண்டுக்கணக்காக 'முடியாது' என்று சொல்லப்பட்டவை சில வாரங்களில் நடந்தன.

தாத்தாவுக்கு எத்தனை விநாடி?

பூந்தொட்டியையும் பெயின்டையும் அழகுக்கான சமாசாரம் என்று நினைத்துவிடக் கூடாது. நான்கு லேன் சாலை ஒன்று சுமார் 14 மீட்டர் அகலம். விநாடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் ஒருவர் அதைக் கடக்க 12 விநாடி ஆகும். மூட்டுவலியோடு விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் ஒரு தாத்தாவுக்கு 17 விநாடிக்கும் மேல். இரண்டு பக்க முனைகளிலும் தலா மூன்று மீட்டரைத் தொட்டிகள் வைத்துப் பிடித்து, கடக்க வேண்டிய தூரத்தை 8 மீட்டர் ஆக்கினால், அதே தாத்தா 10 விநாடியில் எதிர்ப்பக்கம் போய்விடுவார். ஏழு விநாடிக்கும் அதிகமாக மிச்சம். முனை குறுகலாவதால் திரும்பும் வண்டிகளும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். நின்றிருக்கும் வண்டிகளுக்குப் பின்னால் மறைந்து நின்ற குழந்தை, ஓட்டுநரின் கண்ணில் முன்கூட்டியே படும்.

இந்தியாவில் இந்த விநாடிகளின் விலை மிக அதிகம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் நடந்து சென்றபோது இறந்தவர்கள் 32,825 பேர். ஒரு நாளைக்குச் சராசரியாக 90 பேர். பால் வாங்கப் போனவர்கள், பஸ் பிடிக்கப் போனவர்கள், பள்ளிக்கூட வாசலில் இறங்கியவர்கள்.

பாண்டி பஜார் மாறியது எப்படி?

சாலையைச் சில மணி நேரத்துக்கு மக்களிடம் கொடுப்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல. தேர் வரும் நாளில் மாட வீதியில் வண்டி போகாது. அறுபத்து மூவர் உற்சவத்தின்போது மயிலாப்பூரே நடந்துதான் போகும். சவுக்குக் கட்டையும் கயிறும் இருந்தால் போதும், எந்தத் தெருவையும் மறித்துவிடுவோம். திருவிழா முடிந்ததும் கட்டையை அவிழ்த்துவிடுவதுதான் வழக்கம்.

சென்னையில் 2014-ல் பெசன்ட் நகரில் ஞாயிறு காலைகளில் சாலையை மூடி, பிள்ளைகள் சைக்கிள் விடவும் விளையாடவும் இடம் கொடுத்தார்கள். புனேயில் 2021 டிசம்பர் 11 அன்று, நெரிசலுக்குப் பேர்போன லட்சுமி சாலையின் ஒரு பகுதியை 'பாதசாரிகள் தினம்' என்று நடப்பவர்களுக்கு ஒதுக்கினார்கள். இவையெல்லாம் சில மணி நேரமும் ஒரு நாளும். அதைத் தாண்டிப் போனது தி.நகர் பாண்டி பஜார்.

தீபாவளிக்குத் துணி எடுக்க தியாகராயா சாலைக்குப் போனவர்களுக்கு அந்த நாட்கள் மறந்திருக்காது. இரண்டு பக்கமும் கார்கள், அவற்றுக்கு இடையில் இருசக்கர வாகனங்கள், ஒரு கையில் பையும் மறு கையில் குழந்தையுமாக நடுரோட்டில் நடை. இந்தச் சாலையை நடப்பவர்களுக்கான வளாகமாக மாற்றலாம் என்று பேச்சு வந்தபோது, இங்கேயும் அதே கேள்விகள்தான். கார் எங்கே நிறுத்துவது? வண்டியில் வரும் வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போய்விட மாட்டார்களா? பக்கத்துத் தெருக்கள் திணறாதா? கோபன்ஹேகன் கடைக்காரர் 1962-ல் கேட்டதைத்தான் தி.நகர் கடைக்காரரும் கேட்டார். கடன் வாங்கிச் சரக்குப் போட்டிருப்பவரின் நியாயமான கவலை அது. அதை வரைபடம் காட்டித் தீர்க்க முடியாது.

அதனால் நிரந்தரக் கட்டுமானத்துக்கு முன்பே தடுப்புகளை வைத்து, சாலையின் ஒரு பகுதியை நடப்பவர்களுக்குக் கொடுத்துச் சோதனை ஓட்டம் நடத்தினார்கள். போகிற வருகிறவர்களும் கடைக்காரர்களும் கண்ணால் பார்த்தார்கள். பிறகுதான் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வேலை நடந்து, 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. வாகனங்களை முற்றிலுமாகத் தடுக்கவில்லை. சாலை குறுகியது, நடைபாதை விரிந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. சிக்னலில் நிற்கப் பொறுமை இல்லாத பைக்குகள் அந்த அகலமான நடைபாதையில் ஏறிவிடுவதைப் பார்க்கலாம். கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றுபவர்களின் ஹாரன் சத்தம் பக்கத்துத் தெருக்களில் கேட்கிறது. சென்னையில் இன்னும் எத்தனையோ சாலைகளில், மின்பெட்டியும் கடை போர்டும் தாண்டி ஒருவர் நடக்கக்கூட நடைபாதை கிடையாது.

ஆனால் ஏதாவது ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பாண்டி பஜாருக்குப் போனால், பெஞ்சுகளில் இடம் பிடிப்பது கஷ்டம். மருமகள் பிளவுஸ் பிட்டுக்கு மேட்சிங் தேடி நான்காவது கடை ஏறியிருப்பார். மகன் பார்க்கிங்கிலிருந்து இன்னும் வந்திருக்க மாட்டார். கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, போகிற வருகிறவர்களை வேடிக்கை பார்த்தபடி பாட்டி உட்கார்ந்திருப்பார். முன்பு அங்கே ஒரு கார் நின்றுகொண்டிருந்தது.